மறைத்து வைக்கும் துப்பாக்கி பெரிதாகி வருவதேன்? அமெரிக்கக் குடிமகனின் இடுப்பும் உயர் நீதிமன்றமும்

"9 மில்லிமீற்றர் ரக கைத்துப்பாக்கி" என்னும் சொற்றொடர் எமது பத்திரிகைகளில் இடம்பெறுமாயின் அது பெரும்பாலும் ஒரு கொலைச் செய்தியாகவோ, தேடுதலின்போது கைப்பற்றப்பட்ட பொருட்களின் பட்டியலாகவோதான் இருந்துவந்துள்ளது. கைத்துப்பாக்கி என்பது எமக்கு ஆயுதம் தாங்கியோருக்கும் அரசியல்வாதிகளின் மெய்ப்பாதுகாவலர்களுக்கும் உரிய பொருள். ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை முற்றிலும் வேறானது. அங்கு பாடசாலை ஆசிரியரும் மருந்துக்கடைக்காரரும் ஓய்வுபெற்ற தபாலதிபரும் காலையில் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்வதுபோலக் கைத்துப்பாக்கியொன்றை இடுப்பில் செருகி, அதன்மேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்குச் செல்லலாம். 2019 ஆம் ஆண்டில் மேற்கொள்ளப்பட்ட தேசிய அளவிலான ஆய்வொன்றின் அடிப்படையில், அந்நாட்டில் சுமார் 60 இலட்சம் வயதுவந்தோர் நாள்தோறும் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கியுடன் வெளியே செல்வதாக மதிப்பிடப்பட்டது. 2015 ஆம் ஆண்டில் இத்தொகை 30 இலட்சமாகவே இருந்தது. நான்கே ஆண்டுகளில் இரட்டிப்பு.

இந்த மக்கள் கூட்டத்தினுள்ளே நெடுங்காலமாக ஒரு விவாதம் நடைபெற்று வருகின்றது. மறைத்துக்கொண்டு செல்வதற்கு உகந்தது சிறிய துப்பாக்கியா, பெரிய துப்பாக்கியா என்பதே அது. மேலோட்டமாக நோக்குவோருக்கு இது விளையாட்டுப் பொருள் பற்றிய பேச்சாகத் தோன்றலாம். ஆனால், ஒரு சமூகம் எதற்கு அஞ்சுகின்றது, அந்த அச்சத்துக்கும் உண்மையான ஆபத்துக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதை இந்தத் தெரிவைப்போல் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை.

சிறியது ஏன் சிரமமானது?

அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி என்பது விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு ரவையை மாத்திரம் சுட்டு, அடுத்த ரவையைத் தானே குழலினுள் ஏற்றிக்கொள்ளும் கருவியாகும். ரவைகள் கைப்பிடிக்குள் செருகப்படும் ரவைக்கூட்டில் அடுக்கப்பட்டிருக்கும். ஆகவே கைப்பிடி நீளமாகவும் தடிப்பாகவும் இருந்தால் ரவைகளின் எண்ணிக்கையும் கூடும்.

சட்டைப்பையில் அடங்கக்கூடிய சிறிய துப்பாக்கி ஆரம்பநிலையாளருக்கு ஏற்றது எனப் பலரும் எண்ணுவர். உண்மை இதற்கு நேர்மாறானது. ஒரே ரவையைப் பெரிய துப்பாக்கியிலும் சிறிய துப்பாக்கியிலும் சுடும்போது பின்னுதைப்பை வாங்கிக்கொள்வது துப்பாக்கியின் எடைதான். எடை குறையக் குறைய அந்த உதைப்பு கையில் இறங்கும். சிறிய பிடியில் சுண்டுவிரலுக்கு இடமிருப்பதில்லை. மூன்று விரல்களால் பிடித்திருப்பவரின் கையில் துப்பாக்கி துள்ளும். இரண்டாவது ரவைக்கு மீண்டும் குறி வைப்பதற்குள் நேரம் கடந்துவிடும். முன் குறிகாட்டிக்கும் பின் குறிகாட்டிக்கும் இடையிலான தூரம் குறுகும்போது கண்ணின் சிறு பிழையும் இலக்கில் பெரும் பிழையாகிவிடுகின்றது. மேலும், சிறிய துப்பாக்கியின் சுருள்வில் இறுக்கமாக இருக்க வேண்டியிருப்பதால் அதன் மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து ரவை ஏற்றுவதற்கு அதிக பலம் தேவை. பெண்களுக்கும் முதியோருக்கும் "கைக்கு அடக்கமானது" எனக் கூறி மிகச் சிறியதை விற்று வந்த கடைக்காரர்கள் அவர்களுக்கு மிகக் கடினமானதையே தலையில் கட்டினார்கள் என்று கூறுவது மிகையாகாது.

பெரியதன் சிரமம் வேறு வகையானது. ஒஸ்திரியத் தயாரிப்பான கிளொக் 17 ஏறக்குறைய 20 சென்றிமீற்றர் நீளமானது. 17 ரவைகள் நிரப்பினால் 900 கிராம் அளவில் நிறுக்கும். ஏறத்தாழ ஒரு கிலோ எடையை நாள் முழுதும் இடுப்பில் சுமப்பவருக்கு நல்ல தடித்த தோற்பட்டி வேண்டும். விசையை முழுமையாக மூடும் கடினமான உறை வேண்டும். இது மிக முக்கியமானது. ஏனெனில் கிளொக் போன்றவற்றில் விரலால் தள்ளிவிடும் வெளிப்புறப் பாதுகாப்பு நெம்பு கிடையாது. பாதுகாப்பு ஏற்பாடு விசையிலேயே உள்ளது. விசையில் சட்டைத் துணி சிக்கினாலும் அது விரல் இழுத்ததாகவே கருதிச் சுட்டுவிடும்.

இங்கு பலரும் அறியாத நுட்பமொன்றுண்டு. பெரிய துப்பாக்கியை மறைப்பதற்குத் தடையாக இருப்பது அதன் குழலின் நீளமன்று. குழல் காற்சட்டைக்குள் இறங்கி மறைந்துவிடும். பட்டிக்கு மேலே நிற்கும் கைப்பிடியே, குனியும்போதும் கையை உயர்த்தும்போதும் சட்டைத் துணியில் முட்டி உருவத்தைக் காட்டிக்கொடுக்கின்றது. ஆகவேதான் பலரும் கிளொக் 17 ஐ விட்டுக் கைப்பிடி சற்றே குறுகிய கிளொக் 19 ஐத் தெரிவு செய்தனர். 1988 இல் வெளிவந்த இது 15 ரவைகளைக் கொள்ளும். முழுக் கையாலும் பற்றலாம்; ஒரு அளவு பெரிய சட்டை அணிந்தால் மறைக்கலாம். இருந்தாலும், டெக்சாஸ் மாநிலத்தின் கோடை வெயிலில் மெல்லிய பருத்திச் சட்டையுடன் நடமாடுபவருக்கு இதுவும் பெரியதே. அவர் காலையில் அதனை எடுத்துப் பார்த்துவிட்டு, வெப்பத்தை நினைத்து மேசையிலேயே வைத்துவிட்டுப் போவார்; அல்லது மோட்டார் வண்டியின் பெட்டிக்குள் போட்டுவிடுவார். இந்த இரண்டாவது வழக்கம் எத்தகைய விளைவுகளை உண்டாக்குகின்றது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

ஏழிலிருந்து பதினேழு வரை

அமெரிக்க இராணுவம் 1911 இல் ஏற்றுக்கொண்ட கொல்ட் கைத்துப்பாக்கியை வடிவமைத்தவர் ஜோன் பிரவுனிங். .45 அங்குல ரவைகள் ஏழினை அதன் ரவைக்கூடு கொள்ளும். எடை 1 கிலோவுக்கு மேல். 1985 வரை அதுவே அந்த இராணுவத்தின் பிரதான கைத்துப்பாக்கியாக இருந்தது. அதன்பின் அதன் இடத்தைப் பிடித்த இத்தாலிய பெரெற்றா 9 மில்லிமீற்றர் ரவைகள் 15 ஐக் கொள்ளும். அதற்கு முன்பாகவே, 1982 இல், ஒஸ்திரிய இராணுவம் கஸ்டன் கிளொக் என்பவரின் பிளாஸ்ரிக் சட்டம் கொண்ட துப்பாக்கியைத் தெரிவு செய்திருந்தது. திரைச்சீலைக் கம்பிகளும் கத்திகளும் தயாரித்து வந்த அம்மனிதர் அதற்கு முன் துப்பாக்கி எதனையும் வடிவமைத்தவரல்லர். 2023 டிசம்பரில் தமது 94 ஆவது வயதில் அவர் காலமானபோது அவரது தயாரிப்பு அமெரிக்கப் பொலிஸ் திணைக்களங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் உறைகளில் இடம்பிடித்திருந்தது.

பொலிஸாரின் மாற்றத்துக்குக் காரணமான சம்பவம் 1986 ஏப்ரல் 11 ஆம் திகதி மயாமியில் நிகழ்ந்தது. வங்கிக் கொள்ளையர் இருவரை வழிமறித்த எப்.பி.ஐ. முகவர்களில் இருவர் கொல்லப்பட்டனர், ஐவர் காயமடைந்தனர். கொள்ளையருள் ஒருவன் ஆரம்பத்திலேயே உயிராபத்தான காயத்துக்குள்ளாகியும் தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்தான். அவனைத் துளைத்த 9 மில்லிமீற்றர் சன்னம் இருதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது. "சிறிய ரவை போதாது" என்ற முடிவுக்கு வந்த எப்.பி.ஐ. வலுக்கூடிய ரவைகளின் பக்கம் திரும்பியது. நாடெங்கும் பொலிஸார் பின்தொடர்ந்தனர். சுமார் முப்பது ஆண்டுகளின் பின், சன்னங்களின் தரம் மேம்பட்டுவிட்டதெனவும் பின்னுதைப்புக் குறைந்த ரவையைக் கொண்டே முகவர்கள் விரைவாகவும் சரியாகவும் சுடுகின்றனர் எனவும் கண்டு, அதே நிறுவனம் மீண்டும் 9 மில்லிமீற்றருக்கே திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் பொலிஸார் கழித்துவிட்ட இலட்சக்கணக்கான துப்பாக்கிகள் குடிமக்களின் கைகளுக்குச் சென்றுவிட்டன என்பது வேறு கதை.

சட்டம் எதிர்பாராத விளைவொன்றையும் இங்கு குறிப்பிடவேண்டும். ஜனாதிபதி கிளின்டன் 1994 செப்டெம்பரில் ஒப்பமிட்ட சட்டம், 10 ரவைகளுக்கு மேற்பட்ட ரவைக்கூடுகளைப் பொதுமக்களுக்கெனப் புதிதாகத் தயாரிப்பதைத் தடைசெய்தது. பத்துக்குமேல் ரவை போடமுடியாதெனில் பெரிய கைப்பிடி எதற்கு எனத் தயாரிப்பாளர்கள் சிந்தித்தனர். துப்பாக்கிகளைச் சுருக்கினர். பத்து ரவைகளுடன் உள்ளங்கையில் அடங்கும் 9 மில்லிமீற்றர் துப்பாக்கிகள் சந்தையை நிறைத்தன. வன்முறையைக் குறைக்க வந்த சட்டம் மறைத்துச் செல்ல இலகுவான ஒரு தலைமுறைத் துப்பாக்கிகளுக்கு வழிதிறந்துவிட்டது. அச்சட்டம் புதுப்பிக்கப்படாமல் 2004 இல் காலாவதியான பின்னர் கொள்ளளவு மீண்டும் கூடலாயிற்று. 2018 இல் சிக் சாவர் நிறுவனம் வெளியிட்ட பி365 மிகச் சிறிய உடலில் 10 ரவைகளைத் திணித்தது. அதன் பெருப்பிக்கப்பட்ட வடிவம் 2022 இல் 17 ரவைகளுடன் வந்தது. இராணுவத்துக்கெனச் செய்த கிளொக் 17 எத்தனை ரவைகளைக் கொண்டதோ அத்தனை ரவைகள், இப்போது சட்டைக்குள் மறையும் மெல்லிய துப்பாக்கியொன்றில். ஆகவே "பெரிய துப்பாக்கி" என்று இன்று கூறப்படுவதன் பொருள் நீளமோ எடையோ என்பதைவிட எண்ணிக்கையே எனலாம்.

ஓர் உணவகமும் ஒரு சட்டமும்

இந்தத் தெரிவுக்குச் சட்டரீதியான இடம் எவ்வாறு கிடைத்தது? முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை மறைத்து ஏந்திச் செல்வதைத் தடைசெய்திருந்தன. அல்லது பொலிஸ் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டிருந்தன. 1987 இல் புளோரிடா, தகுதியுள்ள எவருக்கும் அனுமதிப்பத்திரம் வழங்கியே தீரவேண்டும் எனச் சட்டமியற்றியது. ஏனைய மாநிலங்கள் ஒவ்வொன்றாக அவ்வழியில் சென்றன.

டெக்சாஸ் அவ்வழிக்கு வந்த விதம் துயரமானது. 1991 ஒக்டோபர் 16 ஆம் திகதி கிலீன் நகரின் லூபீஸ் உணவகத்தினுள் வாகனத்துடன் மோதிப் புகுந்த ஒருவன் 23 பேரைச் சுட்டுக்கொன்றான். அவன் கையிலிருந்தவற்றில் ஒன்று கிளொக் 17. அன்று பெற்றோருடன் மதிய உணவுக்குச் சென்றிருந்த சுசானா ஹப் என்ற பெண்ணிடம் ஒரு ரிவோல்வர் இருந்தது. ஆனால், ஏந்திச்செல்வதை மாநிலச் சட்டம் தடைசெய்திருந்ததாலும், பிடிபட்டால் தமது தொழில் அனுமதியை இழக்க நேரும் என்ற அச்சத்தாலும் அதனை அவர் மோட்டார் வண்டியில் விட்டிருந்தார். கைப்பை இருந்த இடத்தைக் கை தேடியபோது துப்பாக்கி வாகனத் தரிப்பிடத்தில் இருந்தது. தந்தையும் தாயும் கொல்லப்பட்டனர். அவர் பின்னர் மாநில சட்டசபைக்குத் தெரிவானார். அவரது சாட்சியம் நாடெங்கும் ஒலித்தது. 1995 இல் அப்போதைய ஆளுநர் ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் டெக்சாஸின் அனுமதிப்பத்திரச் சட்டத்தில் ஒப்பமிட்டார். 2021 செப்டெம்பருடன் அந்த அனுமதிப்பத்திரமும் அங்கு தேவையற்றதாயிற்று. 2024 இன் நடுப்பகுதியில் இவ்வாறு அனுமதியின்றியே மறைத்து ஏந்திச்செல்ல இடமளிக்கும் மாநிலங்கள் 29 ஆக இருந்தன.

இறுதிவரை விட்டுக்கொடாத மாநிலங்களுள் நியூயோர்க் முதன்மையானது. "தகுந்த காரணம்" காட்டுவோருக்கு மாத்திரம் அனுமதி வழங்கும் அதன் சட்டத்தின் வேர் 1911 ஆம் ஆண்டுக்குச் செல்கின்றது. கொல்ட் துப்பாக்கியை இராணுவம் ஏற்றுக்கொண்ட அதே ஆண்டு என்பது வெறும் தற்செயல்தான். வீட்டினுள் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிநபர் உரிமை என 2008 இல் தீர்ப்பளித்த அமெரிக்க உயர் நீதிமன்றம், 2022 ஜூன் 23 ஆம் திகதி அவ்வுரிமை வீதிக்கும் உரியது எனக்கூறி, ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் நியூயோர்க்கின் நிபந்தனையை அகற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் கிளாரன்ஸ் தோமஸ். நியூயோர்க் உடனடியாகவே மற்றொரு சட்டத்தை நிறைவேற்றி 16 மணித்தியால வகுப்பையும் 2 மணித்தியாலச் சூட்டுப் பயிற்சியையும் கட்டாயமாக்கியது. அனுமதிப்பத்திரமே தேவைப்படாத மாநிலங்களில் இத்தகைய பயிற்சிக் கட்டாயமும் இல்லாது போயிற்று. அங்கு 17 ரவைகள் கொண்ட துப்பாக்கியை வாங்குபவர் அதனை ஒருமுறையேனும் சுட்டுப் பார்த்திருக்க வேண்டுமென்ற நியதியில்லை.

தவறும் ரவைகள் எங்கே செல்கின்றன?

கூடுதல் ரவைகள் வேண்டும் என்போரின் வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. உயிர் போகும் பதற்றத்தில் மனிதர் சுடுவது பெரும்பாலும் தவறுகின்றது. நியூயோர்க் பொலிஸார் பற்றி ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008 இல் வெளியிட்ட அறிக்கை, 1998 முதல் 2006 வரையான காலத்தில் எதிராளியும் திருப்பிச் சுட்ட சம்பவங்களில் அவர்களது ரவைகளில் நூற்றுக்கு 18 மாத்திரமே இலக்கைத் தொட்டன எனக் கணித்தது. பயிற்றப்பட்ட பொலிஸாருக்கே ஐந்தில் ஒன்றும் படுவதில்லையெனில், ஐந்து ரவை கொண்ட சிறு ரிவோல்வருடன் செல்பவரின் நிலை யாது? ஆகவே பெரிய துப்பாக்கி, அதிக ரவை என்ற முடிவு தர்க்கரீதியாகவே வருகின்றது.

ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் படித்தால், நூற்றுக்கு 82 ரவைகள் வேறெங்கோ சென்றன என்றாகிறது. 2012 ஓகஸ்ட் 24 ஆம் திகதி எம்பயர் ஸ்ரேட் கட்டடத்தின் முன்பாகக் கொலையாளி ஒருவனை எதிர்கொண்ட இரு பொலிஸார் 16 ரவைகளைச் சுட்டனர். அவன் இறந்தான். வழிப்போக்கர் ஒன்பது பேர் காயமடைந்தனர். அனைவருக்கும் பட்டவை பொலிஸாரின் சன்னங்களும் அவற்றின் சிதறல்களுமே. அதுவும் சில அடி தூரத்தில் நடந்த சூடு.

குடிமகன் ஒருவரின் பெரிய துப்பாக்கி உயிர்களைக் காத்த சம்பவமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2022 ஜூலை 17 ஆம் திகதி இந்தியானா மாநிலத்தின் கிரீன்வூட் நகரக் கடைத்தொகுதியில் ஒருவன் சுடத் தொடங்கி மூவரைக் கொன்றான். அங்கிருந்த 22 வயது இளைஞர் தமது 9 மில்லிமீற்றர் கிளொக்கை எடுத்து, சுமார் 40 யார் தூரத்திலிருந்து சுட ஆரம்பித்து, 10 ரவைகளில் எட்டினை அவன்மீது பாய்ச்சினார். தாக்குதல் தொடங்கி 15 விநாடிகளுக்குள் இது நிகழ்ந்ததாகப் பொலிஸார் தெரிவித்தனர். அனுமதிப்பத்திரமின்றி ஏந்திச்செல்ல இந்தியானா இடமளித்து அப்போது மூன்று வாரங்கூட ஆகியிருக்கவில்லை. உள்ளங்கையளவு துப்பாக்கியுடன் அவ்வளவு தூரத்தில் அவ்வாறு சுட்டிருக்க மிகச் சிலராலேயே முடிந்திருக்கும்.

அதற்கு ஓராண்டு முன்பு, 2021 ஜூன் 21 ஆம் திகதி, கொலராடோவின் அர்வாடா நகரில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரைக் கொன்றவனை மற்றொரு குடிமகன் தமது மறைவுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். வீழ்ந்தவனின் நீண்ட துப்பாக்கியை அவர் கையிலெடுத்த வேளையில் அங்கு வந்த பொலிஸ்காரர் அவரையே கொலையாளியெனக் கருதிச் சுட்டார். உயிர்களைக் காத்தவர் மாண்டார்.

அரிசோனாவின் ரூசன் நகரில் 2011 ஜனவரி 8 ஆம் திகதி நிகழ்ந்தது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. காங்கிரஸ் உறுப்பினர் கப்ரியேல் கிபோர்ட்ஸின் மக்கள் சந்திப்பில் ஒருவன் கிளொக் 19 இனால் ஆறு பேரைக் கொன்றான். கிபோர்ட்ஸின் தலையில் சுட்டான். அவன் செருகியிருந்தது 33 ரவைகள் கொள்ளும் நீண்ட ரவைக்கூடு. அது தீர்ந்து அடுத்ததை மாற்ற முற்பட்டபோதே ஆயுதமற்ற மக்கள் அவனை மடக்கினர். புதிய ரவைக்கூட்டைப் பறித்தவர் 61 வயதுப் பெண்மணி. சத்தம் கேட்டு மறைவுத் துப்பாக்கியுடன் ஓடிவந்த இளைஞர் ஒருவர், கொலையாளியின் துப்பாக்கியைப் பறித்து வைத்திருந்த மனிதரையே கொலையாளியென எண்ணிச் சுடுவதற்கு மிக அருகில் வந்துவிட்டதாகப் பின்னர் தாமே கூறினார். ரவைக்கூட்டின் அளவைச் சட்டத்தால் மட்டுப்படுத்த வேண்டும் என்போர் ரூசனையே சான்றாகக் காட்டுகின்றனர். கிபோர்ட்ஸ் தாமும் ஒரு கிளொக் துப்பாக்கியின் உரிமையாளராக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

யாருடைய இடுப்பு?

எமது வாசகர்கள், சிறப்பாகச் சோதனைச்சாவடிகளைக் கண்டு வளர்ந்தோர், மற்றொரு வினாவையும் எழுப்புவர். இந்த உரிமை எல்லோருக்கும் ஒரே விதமாகப் பயன்படுகின்றதா?

1956 இல் மொன்ற்கொமரி நகரில் தமது வீட்டின்மீது குண்டு வீசப்பட்டதையடுத்து மார்ட்டின் லூதர் கிங் மறைத்து ஏந்திச்செல்லும் அனுமதிக்கு விண்ணப்பித்தார். உயிராபத்து அவரைவிட யாருக்கு அதிகமாக இருந்திருக்க முடியும்? அதிகாரிகள் மறுத்துவிட்டனர். அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்படும் சட்டம் யாரைப் பாதுகாக்கும், யாரைக் கைவிடும் என்பதற்கு இதனைவிடச் சான்று தேவையில்லை. 2022 வழக்கிலும் இது எதிரொலித்தது. நியூயோர்க்கின் வறியோருக்காக வாதாடும் அரச செலவிலான சட்டத்தரணிகளில் ஒரு பகுதியினர், அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்ததாகச் சிறை செல்வோர் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியருமே எனச் சுட்டிக்காட்டி, அச்சட்டத்துக்கு எதிராக வாதிட்டனர். துப்பாக்கி ஆதரவாளர்களும் இவர்களும் ஒரே பக்கத்தில் நின்றது பலருக்கு வியப்பளித்தது.

அனுமதி கிடைத்த பின்னரும் கதை முடிவதில்லை. 2016 ஜூலை 6 ஆம் திகதி மினசோட்டாவில் வாகனத்தில் மறிக்கப்பட்ட பிலான்டோ காஸ்ரில் என்ற கறுப்பின இளைஞர், தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகப் பொலிஸ்காரரிடம் பணிவுடன் முன்கூட்டியே தெரிவித்தார். அவரிடம் செல்லுபடியான அனுமதிப்பத்திரம் இருந்தது. சில விநாடிகளில் பொலிஸ்காரர் அவரைச் சுட்டுக்கொன்றார். மறு ஆண்டு நடுவர் குழு அப்பொலிஸ்காரரை விடுவித்தது. எந்த அளவுத் துப்பாக்கி, எத்தனை ரவை என்ற ஆராய்ச்சி எதுவும் காஸ்ரிலுக்கு உதவியிருக்காது. 2013 இல் பென்சில்வேனிய அனுமதிப்பத்திரத்துடன் அயல் மாநிலமான நியூஜெர்சிக்குள் சென்ற கறுப்பினத் தாய் ஒருவரும் வீதிச் சோதனையில் தாமாகவே துப்பாக்கி பற்றிக் கூறினார். அயல் மாநில அனுமதியை நியூஜெர்சி ஏற்பதில்லை. கைதாகி, கட்டாயச் சிறைத்தண்டனையை எதிர்நோக்கிய அவருக்கு 2015 இல் ஆளுநர் மன்னிப்பளித்தார்.

வண்டிப் பெட்டிக்குள்

பியூ ஆய்வு நிலையம் 2023 இல் நடத்திய கருத்துக்கணிப்பில் அமெரிக்க வயதுவந்தோரில் நூற்றுக்கு 32 பேர் தாம் துப்பாக்கி வைத்திருப்பதாகக் கூறினர். அவர்களுள் 72 சதவீதமானோர் பாதுகாப்பையே பிரதான காரணமாகக் குறிப்பிட்டனர். அதே ஆண்டில் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தோர் 46,728 பேர். இவர்களில் சுமார் 27,300 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பத்தில் ஏறக்குறைய ஆறு பேர். கடைத்தொகுதியில் தோன்றக்கூடிய கொலைகாரனை நினைத்து 15 ரவையா 17 ரவையா எனக் கணக்கிட்டு வாங்கப்படும் துப்பாக்கி, புள்ளிவிபரங்களின்படி அதிகம் பயன்படுவது வீட்டினுள்ளே, மனமுடைந்த ஒருவரின் கையில், ஒரேயொரு ரவையுடன்தான்.

முன்னர் கூறிய வண்டிப் பெட்டிக்கும் இப்போது வரலாம். பாரமான துப்பாக்கி உடலை உறுத்துகின்றது. பாடசாலை, நீதிமன்றம், சில அலுவலகங்கள் போன்ற இடங்களுக்குள் கொண்டுசெல்லவும் முடியாது. ஆகவே அது வண்டியிலேயே கிடக்கின்றது, கண்ணாடி உடைக்கப்படுகின்றது, துப்பாக்கி வேறு கைக்கு மாறுகின்றது. ஏந்திச்செல்லும் உரிமை விரிந்த மாநிலங்களில் வன்முறைக் குற்றம் பத்தாண்டு காலத்தில் 13 முதல் 15 சதவீதம் வரை அதிகமாகக் காணப்பட்டதாக ஸ்ரன்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜோன் டொனஹியூவும் சகாக்களும் 2019 இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. அவர்களது பிந்திய ஆய்வு துப்பாக்கித் திருட்டின் அதிகரிப்பை இதற்கான காரணங்களில் ஒன்றாகக் காட்டிற்று. இதற்கு எதிரான கருத்தை 1998 இலேயே நூலாக எழுதிய ஜோன் லொட், ஆயுதம் தாங்கிய குடிமக்கள் அதிகரித்தால் குற்றம் குறையும் என்றார். 2004 இல் தேசிய ஆராய்ச்சிப் பேரவை இரு தரப்புக்கும் போதிய சான்றில்லை எனக் கூறியிருந்தது. அதன் பின்னர் சேர்ந்த சான்றுகள் லொட்டின் பக்கம் சாயவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கணிப்பு.

இவ்விடயத்தில் பயிற்சியாளர்களிடையே நிதானமாகப் பேசுவோரும் உள்ளனர். கையில் சரியாகப் பொருந்துவதும் தொடர்ந்து பயிற்சி செய்யக்கூடியதும் நாள்தோறும் உண்மையிலேயே உடலில் வைத்திருக்கக்கூடியதுமான ஒன்றே போதும் என்பது அவர்களின் ஆலோசனை. கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்பவரின் காதில் அது அதிகம் விழுவதாகத் தெரியவில்லை.

ரவைக்கூட்டின் அளவு பற்றிய வழக்கு இப்போது நீதிமன்றங்களில் நிற்கின்றது. கலிபோர்னியா, நியூயோர்க், நியூஜெர்சி உள்ளிட்ட மாநிலங்கள் பத்து ரவை என்றும் கொலராடோ பதினைந்து என்றும் எல்லை வகுத்துள்ளன. ஆகவே 17 ரவைத் துப்பாக்கியுடன் அரிசோனாவில் சட்டத்துக்கமைய நடமாடும் ஒருவர் எல்லை கடந்து கலிபோர்னியாவுக்குள் நுழைந்தால் குற்றவாளியாகலாம். 2025 மார்ச்சில் ஒன்பதாவது வட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏழுக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் கலிபோர்னியாவின் எல்லை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. பெரிய ரவைக்கூடு துப்பாக்கிக்கான துணைப்பொருளேயன்றி ஆயுதமன்று என்பது பெரும்பான்மையினரின் வாதங்களில் ஒன்று. அதனை ஏற்காத நீதியரசர் வான்டைக், தமது அறையில் இருந்தவாறு கைத்துப்பாக்கிகளைக் கையிலெடுத்துப் பாகம் பாகமாகக் கழற்றிக் காட்டி, எது துணைப்பொருள் எது ஆயுதம் என விளக்கும் ஒளிப்பதிவொன்றைத் தமது மாறுபட்ட தீர்ப்புடன் இணைத்து வெளியிட்டார். சக நீதியரசர்கள் அதனை முறையற்றதெனக் கண்டித்தனர். அதே ஆண்டு ஜூன் 2 ஆம் திகதி, ரோட் ஐலன்ட் மாநிலத்தின் பத்து ரவை எல்லைக்கு எதிரான மனுவை விசாரணைக்கு எடுக்க உயர் நீதிமன்றம் மறுத்தது. காரணம் எதுவும் கூறவில்லை.